இரண்டு மேட்டுக்கு நடுவே

உன் அம்மாவின் கல் லாரியில் ஏறுவதற்கு முன்னால் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும், மகனே. கம்பெனி வாசலில் வாட்ச்மேனிடம் தபாலைக் கொடுத்தால் அவர் உன்னிடம் சேர்த்துவிடுவார் என்று எழுதியிருந்தாய். அந்த வாட்ச்மேன் யார், எந்த ஊர்க்காரர், எதுவும் எனக்குத் தெரியாது. அதனால் உன் வீட்டு விலாசத்துக்கே அனுப்புகிறேன், உறை ஒட்டிய இடத்தில் இன்னொரு தடவை பசை தடவி. சிரிக்காதே. வாலாஜாபாத் அரிசி மில்லில் நெல் மூட்டைக்குள் தோள் வரைக்கும் கையை விட்டுப் பார்ப்பதுதான் ஆயுசு முழுக்க என் வேலை. மேலே கலகலவென்று காய்ந்த நெல் இருக்கும், அடியில் தண்ணீர் தெளித்திருப்பார்கள். கொண்டு வருகிற ஆள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கர்த்தர் மேல் சத்தியம் செய்வான். முப்பது வருஷம் அப்படி மூட்டைக்குள் கையை விட்டவனுக்கு மனுஷன் முகத்தைப் பார்த்தாலும் அடியில் ஈரம் இருக்குமோ என்றுதான் தோன்றும்.

நீ எழுதியதை நான் இரண்டு முறை படித்தேன். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கருங்கல், முகம் பார்க்கிற மாதிரி பாலிஷ் போட்டது, அதில் எஸ்தர் என்று அம்மாவின் பெயர் வெட்டி, மேலே சிலுவை. நல்ல பிள்ளை நீ. அதிலும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது, இருபது வருஷம் வராத ஆசை இப்போது ஏன் வந்தது என்று. உன் பெண்டாட்டி வீட்டார் வரும்போது காட்டுவதற்காகவோ என்றுகூட நினைத்தேன். பிறகு, அப்படியே இருந்தால்தான் என்ன, பெற்றவளைக் காட்ட ஒரு மகன் ஆசைப்படுவது குற்றமா என்று என்னையே அதட்டிக்கொண்டேன். யாக்கோபு தன் மனைவி ராகேலின் கல்லறை மேல் தூண் நிறுத்தவில்லையா என்று கேட்டிருக்கிறாய். நிறுத்தினான். ஆனால் அவன் கையாலேயே புதைத்து, அந்த மண் காய்வதற்குள் நிறுத்தினான். உன் வேதபாடத்துக்கு நானும் ஒரு பதில் சொல்கிறேன். அவ்வளவு பெரிய மோசேயின் கல்லறை எங்கே என்று இன்றைக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. பழைய ஏற்பாட்டில் எனக்குப் பிடித்த ஆள் ஆபிரகாம்தான். சாராளைப் புதைக்க ஒரு குகை கேட்கிறான். சும்மாவே எடுத்துக்கொள் என்கிறார்கள். மாட்டேன், ஊர் வாசலில் நாலு பேரைச் சாட்சி வைத்து விலைக்குத்தான் வாங்குவேன் என்று நிற்கிறான். விசுவாசத்தின் தகப்பனே சந்தேகக்காரன்தான் பார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் கல்லை எந்த மேட்டின் மேல் வைப்பது என்று எனக்குத் தெரியாது. எனக்கும் சைக்கிள் கடை சாமுவேலுக்கும் கல்லறைத் தோட்டத்தில் தகராறு என்பது உனக்குத் தெரியும். ஏதோ கிழவர்கள் சண்டை என்று நீ அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நீ பாலிடெக்னிக் படிக்கப் போயிருந்த மழைக்காலத்தில் பிள்ளைப்பாக்கம் ஏரிப்பக்கம் கரை உடைத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்தில் தண்ணீர் ஏறி நின்றதே, அப்போது ஆரம்பித்தது. நம் சபையில் சிமெண்ட் கல்லறை கட்ட யாருக்கு வக்கு இருந்தது? எல்லாம் மண் மேடு, தலைமாட்டில் மரச்சிலுவை, அதில் வெள்ளைப் பெயிண்டில் பேர். தண்ணீர் வடிந்தபோது பள்ளத்தில் இருந்த மேடெல்லாம் கரைந்து களம் மாதிரி ஆகிவிட்டது. சிலுவைகள் அத்தனையும் மிதந்துபோய் வேலியோரம் கருவேல முள்ளில் குப்பையாகச் சிக்கிக் கிடந்தன. அதோடு விட்டிருந்தால் அவரவர் ஞாபகத்தை வைத்துத் தேடி நட்டிருப்போம். ஆனால் அடுத்த வாரம் பேராயர் வருவதாக இருந்தது.

பேராயர் கண்ணில் அலங்கோலம் படக்கூடாது என்று சபை வாலிபர்களும் பெண்கள் சங்கத்தாரும் சேர்ந்து சிலுவைகளைப் பொறுக்கி, கழுவி, பழைய பேருக்கு மேலேயே வெள்ளை அடித்து, கயிறு பிடித்து வரிசையாக நட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அசெம்பிளியில் நிற்கிற மாதிரி நேராக, அழகாக. அடியில் ஆள் இருக்கிறதா இல்லையா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பேராயர் பார்த்துவிட்டு, இவ்வளவு ஒழுங்கான கல்லறைத் தோட்டத்தைப் பார்த்ததில்லை என்று ஜெபம் செய்துவிட்டுப் போனார். சபையே கை தட்டாத குறை. நான் பின்னால் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நல்லது செய்கிறோம் என்று இறங்குகிறவர்களை மட்டும் எப்போதும் ஒரு கண் பார்த்துக்கொள், மகனே. கெட்டது செய்கிறவனாவது பயந்து பயந்து செய்வான்.

மேட்டுப்பாங்கான மதில் ஓரத்தில் மட்டும் இரண்டு மண் மேடு கரையாமல் நின்றன. கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று, நடுவில் ஓர் ஆள் படுக்கிற இடம். அந்தப் பக்கம் அடக்கமானவர்கள் இரண்டே பேர்தான், உன் அம்மாவும் சாமுவேலின் அம்மாவும். ஒரே வருஷத்தில், அடுத்தடுத்த மாதத்தில் போனவர்கள். நான் கிழக்கு மேடுதான் எஸ்தர் என்றேன். சாமுவேலும் கிழக்கு மேடுதான் தன் தாய் என்றான். குழி வெட்டியவர் செத்துப் போயிருந்தார், அப்போதிருந்த போதகர் எங்கேயோ மாற்றலாகிப் போய்விட்டார். ஆக, அவன் வார்த்தைக்கு எதிராக என் வார்த்தை. ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் அவன் கடையைத் தாண்டும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். சைக்கிளுக்குக் காற்று அடிக்கக்கூட அங்கே போனதில்லை, தள்ளிக்கொண்டே போவேன். கல்லறைத் திருநாள் அன்று அவன் வருவதற்குள் நான் போய்விட வேண்டும் என்று விடியும் முன்பே எழுந்திருப்பேன். எனக்கு முன்னால் அவன் வைத்துவிட்ட பூவைப் பார்த்தால் வயிறு எரியும். ஒரே மேட்டின் மேல் இரண்டு வீட்டுப் பூவும் இரண்டு வீட்டு மெழுகுவர்த்தியும். மேற்கு மேட்டில் புல்தான்.

அந்தப் புல்லைத்தான் ஒரு வருஷம் நின்று பார்த்தேன். இரண்டு பேரும் கிழக்கு என்கிறோம். இரண்டு பேரில் ஒருத்தன் தப்பு. அது நானாக இருந்தால்? ஊரில் எல்லோரையும் சந்தேகப்பட்டவன் என்னை மட்டும் சந்தேகப்படாமல் விட்டிருந்தேன். நான் தப்பு என்றால், எஸ்தர் இத்தனை வருஷமும் ஒரு பூ இல்லாமல் புல்லுக்கு அடியில் கிடக்கிறாள், நான் அடுத்தவன் அம்மாவுக்குச் சாமந்தி வைத்துக்கொண்டிருக்கிறேன். அதற்குப் பிறகு திருநாள் முடிந்து இரண்டு நாள் கழித்து, யாரும் இல்லாத மத்தியான வேளையில் போய் மேற்கு மேட்டிலும் கொஞ்சம் கனகாம்பரம் வைத்துவிட்டு வருவேன். சாமுவேல் பார்த்தால், பார், அவனே ஒத்துக்கொண்டான் என்பானே, அந்தப் பயம்.

போன வருஷம் அப்படிப் போனபோது மேற்கு மேட்டில் ஏற்கெனவே பூ இருந்தது. வாடாத பூ. எனக்கு உடனே என்ன தோன்றியிருக்கும் என்று உனக்குத் தெரியும். கிழக்கு போதாதென்று மேற்கையும் வளைக்கப் பார்க்கிறான்! மதிலுக்கு அந்தப் பக்கம் இருமல் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் சாமுவேல், கையில் தண்ணீர்ச் சொம்போடு.

"இன்னாத்துக்கு இங்க வந்த?" என்று அதட்டினேன்.

"நீ இன்னாத்துக்கு வந்த?" என்றான் அவன். என் கையில் இருந்த கனகாம்பரத்தைப் பார்த்தான். நான் பின்னால் மறைத்துக்கொள்ளப் பார்த்தேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடப்பாவி, ஒனக்கும் டவுட்டு கீதா?"

"எனக்கென்ன டவுட்டு? கெளக்குதான் எஸ்தரு."

"அப்போ எங்கம்மாவுக்கா பூ எடுத்துகினு வந்த?" என்றான். பிறகு சொம்பைக் கீழே வைத்துவிட்டு மதிலில் சாய்ந்துகொண்டான். "தோண்டிப் பாத்துட்லாமாபா? ரெண்டு பேரும் கூட நின்னு. ஒங்கூட்டுக்காரிக்குக் கண்ணாடி வளையல் போட்டு அனுப்பிச்சதா சொல்லுவாங்களே. எங்கம்மா கைல ஒண்ணும் கெடையாது. பாத்தா தெரிஞ்சிரும்."

வேண்டாம் என்று நான் கத்தினேன். அவன் பயந்தே போனான். எனக்கே ஏன் அப்படிக் கத்தினேன் என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. எந்த மேடு என்று சண்டை போடுகிற வரைக்கும் அவள் ஏதோ ஒன்றில் இருக்கிறாள். தோண்டிப் பார்த்து இரண்டிலும் ஒன்றும் இல்லை என்றால் என்ன செய்வேன்?

உன் அம்மா பைபிளில் விரும்பிப் படித்தது சங்கீதமும் இல்லை, சுவிசேஷமும் இல்லை. ஒரு ராஜா எழுதிய பிரசங்கி. கல்யாணமான புதிதில் ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து அடுப்பில் நெத்திலிக் குழம்பு கொதிக்கும்போது உரக்கப் படிப்பாள். எனக்கு அந்த ராஜா மேல் ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கை இல்லை. தோட்டம் போட்டான், குளம் வெட்டினான், பாட்டுக்காரர்களை வைத்துக்கொண்டான், எல்லாவற்றையும் அனுபவித்துவிட்டு எல்லாம் மாயை என்கிறான். "வவுறு ரொம்பனவன் உடுற ஏப்பம்டி அது" என்பேன். "நெல்லுல கைய உட்டுப் பாக்குற மாதிரி வேதத்துலயும் பாக்காதீங்க" என்பாள். "அவன் அதோட உட்டானா? ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு சொல்லிகினே வந்து, போய் சந்தோஷமா சாப்புடு, கட்னவளோட சந்தோஷமா இருன்றான் பாருங்க. ஏமாத்தறவன் அத சொல்வானா?" நான் தட்டை எடுத்துப் போட்டேன். அவள் போன பிறகு அந்தப் புத்தகத்தின் பக்கமே நான் போகவில்லை. செத்தவர்களை யாரும் நினைக்க மாட்டார்கள் என்று அதில் வருகிறதே, அது எனக்கு ஒரு சவால் மாதிரி இருந்தது. நான் நினைத்துக் காட்டுகிறேன் பார் என்றுதான் வருஷா வருஷம் பூவோடு போனேன்.

எனக்கு மிச்சமிருந்த ஆசை ஒன்றே ஒன்று, அவள் பக்கத்தில் படுக்க வேண்டும். அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்து வைத்திருந்தேன். இரண்டு மேட்டுக்கு நடுவே ஓர் ஆள் இடம் என்றேனே, அங்கே என்னைப் போட்டால் எஸ்தர் கிழக்கில் இருந்தாலும் சரி, மேற்கில் இருந்தாலும் சரி, என் பக்கத்தில்தான் இருப்பாள். சந்தேகத்துக்கே இடமில்லாத இடம் இந்த உலகத்தில் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். உன்னிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் நீ யாரிடமாவது சொல்வாய், அது சாமுவேல் காதுக்குப் போகும், அவனுக்கும் அதே கணக்குதானே.

போன மாதம் சாமுவேல் செத்துப் போனான். நெஞ்சுவலி. கடையில் ஒரு டியூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்துவிட்டானாம். செய்தி கேட்டு நான் சட்டையை மாட்டிக்கொண்டிருக்கும்போதே அவன் மகள் சாந்தி சபைச் செயலாளரோடு நம் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"பெரிப்பா, ரெண்டு மேட்டுக்கும் நடுவுல போடணும்னு அப்பா சொல்லிகினே இருந்தாரு. ஆனா ஒங்கள கேக்காம மண்வெட்டி வெக்கக் கூடாதாம். அதையும் சொல்லிட்டாரு."

செயலாளர் என் முகத்தைப் பார்த்தார். நான் முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் வேறு இடத்தில் வெட்டச் சொல்லிவிடுவார் என்று தெரிந்தது. எனக்கு அந்த நிமிஷம் துக்கம் வரவில்லை, மகனே. கோபம்தான் வந்தது. திருட்டுப் பயல்! அதே கணக்கைப் போட்டு, எனக்கு முன்னால் செத்து, இடத்தைப் பிடிக்கிறானே! வேண்டுமென்றே முந்திக்கொண்டானோ என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. செத்தவனையும் சந்தேகப்படுகிற தகப்பன் உனக்கு வாய்த்திருக்கிறான், என்ன செய்ய. நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பிணத்தை வைத்துக்கொண்டு நாளைக்கு என்று சொல்ல முடியுமா?

அப்போது அந்தச் சொம்பும் மேற்கு மேட்டின் மேல் இருந்த பூவும் ஞாபகத்துக்கு வந்தன. அவன் சொன்னது சரி என்றால், அவன் மேற்கில் வைத்த பூவெல்லாம் எஸ்தருக்குப் போயிருக்கிறது. நான் சொன்னது சரி என்றால், கிழக்கில் அவன் வைத்ததெல்லாம் அவளுக்கு. எப்படிப் பார்த்தாலும் இத்தனை வருஷமாக அந்த மனுஷன் என் பெண்டாட்டிக்குப் பூ வைத்திருக்கிறான், தண்ணீர் ஊற்றியிருக்கிறான். என் பூவும் அவன் தாய்க்குப் போயிருக்கிறது. உற்றார் உறவினர்கூட வருஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்காத இடத்துக்கு அவன் தவறாமல் வந்திருக்கிறான். அப்படிப்பட்டவனை நடுவில் படுக்கக் கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "போய் வெட்டச் சொல்லும்மா" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், இடம் போயிற்றே என்றும், ஆள் போனானே என்றும். எது எவ்வளவு என்று கேட்காதே.

குழி வெட்டும்போது நான் பக்கத்திலேயே நின்றேன். எட்டிப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தேன். கிழக்குப் பக்கம் கொஞ்சம் சரிந்தது, மேற்குப் பக்கமும் சரிந்தது. பலகையின் துணுக்குகூட இல்லை. வளையல் துண்டு இல்லை. இரண்டு பக்கமும் ஒரே ஏரி மண், கறுப்பாக, ஈரமாக. பெட்டியை இறக்கிய பிறகு போதகர் மண்ணுக்கு மண் என்று சொல்ல, எல்லோரும் ஒரு பிடி போட்டார்கள். என் கையிலும் ஒரு பிடி இருந்தது. இதில் யார் இருக்கிறார்கள்? முகர்ந்து பார்த்தேன். நெல்லை முகர்ந்த பழக்கம். மண் வாசனைதான் அடித்தது. சாமுவேல் மேல் அதை மெதுவாகப் போட்டேன், தூக்கி எறியவில்லை.

திரும்பி வரும்போது இளம் போதகர் என்னோடு நடந்து வந்தார். எல்லாம் மாயை என்றால் எல்லாம் ஏமாற்று என்றுதானே அர்த்தம் என்று அவரை மடக்கினேன். அவர் எபிரெய மொழி படித்தவராம். மாயை என்று நாம் படிக்கிற வார்த்தைக்கு அந்த மொழியில் மூச்சுக்காற்று, வாயிலிருந்து வருகிற ஆவி என்றுதான் அர்த்தம் என்று சொன்னார். படித்தவர்கள் சொல்வதை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை, உனக்குத் தெரியும். ஆனால் அன்று மாலை உலை வைத்துவிட்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தபோது பானையிலிருந்து ஆவி போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நிற்காமல் போய்விடுகிறதுதான். அதற்காக அது பொய்யா? பொய் என்றால் சோறு எப்படி வேகும்? நிலைக்காததெல்லாம் என்னை ஏமாற்ற வந்தது என்று இத்தனை காலம் நினைத்துவிட்டேன், மகனே. எஸ்தர் என்னை ஏமாற்றவில்லை. இருந்தாள், நன்றாக இருந்தாள், போனாள். இருந்தபோது எதிரில் உட்கார்ந்து குழம்பில் உப்பு கூட என்று முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தவன் நான்தான். நீயும் உன் பெண்டாட்டி சமைத்ததை முகர்ந்து பார்த்துவிட்டுச் சாப்பிடுகிறாய் என்று அவள் கடிதத்தில் எழுதியிருக்கிறாள். என் புத்தியில் அது ஒன்று மட்டும் உனக்கு வேண்டாம்.

கல்லுக்கு வருகிறேன். அதை மேட்டின் மேல் வைக்கக் கூடாது. இந்தப் பக்கத்தில் கல் நடுவது என்றால் என்னவென்று உனக்குத் தெரியும். ஒரகடம் ரோட்டில் ஜீப்பில் வந்து சங்கிலி பிடித்து அளந்து, கம்பெனி வரப்போகிறது என்று தினமும் ஒருத்தன் இன்னொருத்தன் நிலத்தில் கல் நட்டுக்கொண்டிருக்கிறான். கல் நட்டால் அது என்னுடையது என்று அர்த்தம். சாமுவேலின் தாய் மேல் எஸ்தர் என்று கல் நட்டு அந்தக் கிழவியின் பேரை மூட எனக்கு மனசு இல்லை. மதிலில் பதித்துவிடலாம், இரண்டு மேட்டையும் பார்க்கிற மாதிரி. பக்கத்தில் அவ்வளவே இடம் விட்டு வை. சாந்தியிடம் அவள் பாட்டியின் பேரைக் கேட்டு எழுதி வாங்கிவிட்டேன். கிருஷ்ணகிரியில் அதே கல்லில் இன்னொரு துண்டு கிடைக்குமா என்று விசாரி. கிடைக்காது என்று கடைக்காரன் சொன்னால் நம்பாதே, உள்ளே போய்ப் பார்.

கடைசியாக என் விஷயம். நடு இடம் போய்விட்டது. இனி கிழக்கு மேட்டுக்குக் கிழக்கே ஓர் ஆள் இடமும், மேற்கு மேட்டுக்கு மேற்கே ஓர் ஆள் இடமும்தான் இருக்கின்றன. ஒன்றில் எஸ்தர் பக்கத்தில் இருப்பேன். இன்னொன்றில் சாமுவேலின் அம்மா பக்கத்தில். தினமும் ஒரு பக்கம் முடிவு செய்கிறேன், மறுநாள் காலையில் மாற்றிக்கொள்கிறேன். எனக்கு முடியவில்லை, நீ முடிவு செய். யாரையும் கேட்காதே, தோண்டாதே, உனக்கு எது தோன்றுகிறதோ அந்தப் பக்கம் என்னைப் போடு. எந்தப் பக்கம் என்று மட்டும் எனக்கு முன்கூட்டியே சொல்லிவிடாதே. சொன்னால் சந்தேகப்படுவேன்.